கூட்டுப் பட்டாவில் என் பெயர்

1

போன சனிக்கிழமை காலை, மளிகைக் கடை வாசலில் ஒரு பெண் என்னிடம் பேனாவை நீட்டினாள். நான் வாங்கவில்லை. மூன்று நாளாக அந்தப் பேனா என் கண்முன்னாலேயே நிற்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது ஆஸ்திரேலியாவில், கடற்கரையை விட்டு வெகுதூரம் உள்ளே தள்ளி இருக்கும் ஒரு சிறு ஊர். சுற்றிலும் கோதுமை நிலமும் ஆட்டு மந்தையும்தான். கல்பாக்கத்தில் குடியிருந்த நாங்கள், என் கணவருக்கு இங்கே தண்ணீர் விநியோகப் பிரிவில் வேலை கிடைத்து 1996இல் வந்தோம். அப்போது எங்கள் மகள் நித்யாவுக்கு ஆறு வயது. இப்போது பதினாறு. நான் இந்த ஊர் ஆஸ்பத்திரியின் முன்மேசையில் உட்கார்ந்து வருகிறவர்களின் பெயரை எழுதிக்கொள்கிறேன். பத்து வருஷமாக எழுதியும் அவர்கள் பெயர்கள் என் வாயில் நேராக வருவதில்லை. என் பெயரும் அவர்கள் வாயில் வருவதில்லை. கணக்கு சரியாகிவிட்டது என்று அவர்களும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன்.

சில வருஷங்களாக இங்கே மழை இல்லை. கடை வாசலில் மடக்கு மேசை போட்டு உட்கார்ந்திருந்தவள் ஹெலன். ஊருக்கு வெளியே அவளும் அவள் கணவனும் கோதுமை போடுகிறார்கள். மூன்று வருஷமாக விதைத்தது முளைத்த அளவிலேயே கருகிவிட்டது. அவள் மேசையில் இருந்த தாளில் இரண்டு கோரிக்கைகள். மழை பொய்த்த விவசாயிக்கு அரசாங்க உதவி இழுத்தடிக்காமல் கிடைக்க வேண்டும். எங்கள் ஊர் ஆஸ்பத்திரி மாதிரியான சிறிய ஆஸ்பத்திரிகளுக்கு நியாயமான பங்கு நிதி தர வேண்டும். எங்கள் ஆஸ்பத்திரியில் வார இறுதிகளில் டாக்டரே இருக்க மாட்டார் என்று பேச்சு. அப்படி ஆனால் அடுத்த டாக்டருக்கு இரண்டு மணி நேரம் கார் ஓட்ட வேண்டும்.

நித்யா நின்ற வேகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டாள். ஹெலன் பேனாவை என் பக்கம் திருப்பி, "நீ போடாமல் வேறு யார் போடுவது? அந்த மேசையில் உட்காருகிறவளே நீதானே" என்றாள்.

எனக்குக் கை வரவில்லை. கண்ணாடியை மறந்துவிட்டு வந்துவிட்டேன் என்று சொன்னேன். கண்ணாடி என் தலையில் ஏறி உட்கார்ந்திருந்தது. ஹெலன் பார்த்தாள். நீட்டிய பேனாவை மேசையில் வைத்தாள். ஆனால் காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் நித்யா கேட்டுவிட்டாள்.

"ஏம்மா பொய் சொன்ன?"

அவள் என்னிடம் பேசுவது பெரும்பாலும் ஆங்கிலம். ரொம்பக் கோபம் வந்தால்தான் தமிழுக்கு வருவாள். வந்துவிட்டாள் என்று தெரிந்தது. வண்டியைக் கிளப்பாமல், அங்கே நிறுத்துமிடத்திலேயே, அவளிடம் ஒரு வருஷமாகச் சொல்லாததைச் சொன்னேன்.

2

எனக்கு ஒரே தம்பி, ஏழுமலை. ஐந்து வயது இளையவன். திருக்கழுக்குன்றத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே, பெரிய சாலையை விட்டு உள்ளே போகும் ஒரு கிராமத்தில் இருக்கிறான். அப்பா விட்டுப்போன நிலத்தில் சம்பா போடுகிறான். போன வருஷம் கார்த்திகை மழை எப்படிப் பெய்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்து, பால் பிடிக்கும் நேரத்தில் பயிர் மொத்தமும் தண்ணீருக்குள் போய்விட்டது.

அரசாங்கம் நிவாரணம் அறிவித்தது. அதிகாரிகள் வயல் வயலாக வந்து பார்த்து, எந்தச் சர்வே நம்பரில் எவ்வளவு சேதம் என்று எழுதிக்கொண்டு போவார்கள். அந்தப் பட்டியலில் வந்தால் உண்டு. வராவிட்டால் இல்லை. பிறகு எத்தனை மனு கொடுத்தாலும், தண்ணீர் வடிந்த வயலைக் காட்டி யாரிடம் எதை நிரூபிப்பது?

எங்கள் ஊர் தலையாரி முனுசாமி, அதாவது கிராம நிர்வாக அலுவலருக்கு உதவியாள். ஏழுமலையோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். ஆய்வுக்கு முந்தின நாள் சாயங்காலம் வந்து சொல்லியிருக்கிறான்.

"அண்ணாத்த, நாளிக்கு ஆர்.ஐ. ஜீப்புல வராரு. நீ நெலத்தை வுட்டு அசையாத. உன்து கூட்டுப் பட்டா. உங்கக்கா ஃபாரின்ல கீது. ஆளு இல்லன்னா 'உரிமையாளர் வெளிநாட்டில்'னு எழுதிட்டுப் போய்கினே இருப்பாங்க. அப்பறம் உன் நம்பரே லிஸ்ட்ல வராது."

"பாதிக்கு நான்தானடா ஓனரு?"

"பாதி நெலமா முழுகிச்சி? முழுசாத்தான் முழுகிச்சி. முழுசா எழுதணும்னா முழுசா வந்து நில்லு."

மறுநாள் காலை எட்டு மணிக்கே ஏழுமலை போய் வரப்பில் நின்றான். வெள்ளக் காலத்தில் வயலில் இருக்கும் ஜீவன்கள் எல்லாமே மேடு தேடித்தான் வரும். மனிதர்கள் நிற்பதும் அதே மேட்டில். கணுக்காலுக்குக் கீழே சுருக்கென்று ஏதோ பட்டது. குனிந்து பார்ப்பதற்குள் வால் மட்டும் தண்ணீரில் இறங்கியது.

தண்ணீர்ப் பாம்பு என்று முடிவு செய்துகொண்டான். துண்டைக் கிழித்து முழங்காலுக்குக் கீழே கட்டினான். கட்டு வெளியே தெரிந்தால் அக்கம்பக்கத்து வயல்காரர்கள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவார்களே என்று வயலுக்குள் இறங்கி முழங்கால் ஆழத்தில் நின்றுகொண்டான். ஜீப் வந்தது ஒன்பதரைக்குப் பிறகு.

ஆர்.ஐ., அதாவது வருவாய் ஆய்வாளர், நல்ல மனிதர்தான், அதையும் சொல்ல வேண்டும். அவர் எழுதிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தபோது என் தம்பி கண்ணை மூடிக்கொண்டு ஆடிக்கொண்டிருந்திருக்கிறான்.

"இன்னாய்யா, நின்னுகினே தூங்குற?"

முனுசாமிகூடச் சிரித்தானாம். அதைச் சொல்லும்போது அவன் அழுதான்.

"கண்ணு தொறக்க மாட்டேங்குது சார். எங்க நெலம் எழுதிகினீங்களா?"

"எழுதியாச்சி எழுதியாச்சி."

"ரெண்டு பேர் பங்கும்?"

"மொத்த நம்பரும் எழுதியாச்சிய்யா."

"அப்பன்னா சரி சார். என்னைப் பாம்பு கடிச்சிடுச்சி சார்."

3

எந்த ஜீப்புக்காகக் காத்து நின்றானோ, அந்த ஜீப்பிலேயேதான் அவனைத் தூக்கிப் போட்டார்கள். பக்கத்து ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு நர்ஸ் மட்டும் இருந்தார். மருந்துப் பெட்டியைத் திறந்து காட்டினார். விஷமுறிவு மருந்து இருக்க வேண்டிய இடம் காலி. மூன்று தடவை எழுதிப் போட்டிருக்கிறேன் என்று அந்தப் பதிவேட்டையே எடுத்துக் காட்டினாராம். யாரும் கேட்காமல் எதற்குக் காட்டினார் என்று எனக்குப் புரிகிறது. என் மேசையிலும் அப்படி ஒரு பதிவேடு இருக்கிறது.

அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரி. பெயர் எழுதப்போவதில்லை, என் தம்பியின் உயிரைத் திருப்பிக் கொடுத்தவர்கள் அவர்கள். அங்கே மருந்து இருந்தது. ஆனால் விஷம் மூச்சுவரை போய்விட்டது. மூச்சுவிட வைக்கும் இயந்திரங்கள் எல்லாவற்றிலும் ஆள் இருந்தார்கள். அதனால் தொண்டையில் குழாய் வைத்து, அதன் முனையில் ரப்பர் பலூன் ஒன்றை மாட்டி, அதைக் கையால் அமுக்க வேண்டும் என்றார்கள். நிறுத்தாமல். யார் அமுக்குவது? கூட வந்தவர்கள்தான்.

இளவயது டாக்டரம்மா ஒருவர் கற்றுக்கொடுத்திருக்கிறார். "நீங்க மூச்சு இழுக்கறப்பல்லாம் ஒரு அமுக்கு. உங்க மூச்சையே கணக்கு வெச்சுக்குங்க. பதறினா உங்க மூச்சு வேகமா ஓடும், அவருக்கும் வேகமாப் போயிடும். பதறக் கூடாது."

முதலில் முனுசாமி. அவன் கை ஓய்ந்ததும் என் தம்பி மனைவி செல்வி. அப்புறம் ஜீப் டிரைவர். வேலை நேரம் முடிந்தும் அந்த டிரைவர் போகவில்லை. அந்த மனிதரின் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது.

எனக்குத் தொலைபேசி வந்தபோது இங்கே மாலை. முனுசாமி பேசினான்.

"யக்கா, நான் முனுசாமி. பதறாத. ஏழுமல நல்லா கீறான்."

நல்லா இருக்கிறவனைப் பற்றி எதற்கு ஆஸ்திரேலியாவுக்குப் போன் செய்கிறான்? அவன் பேச்சுக்குப் பின்னால் ஒரு சத்தம். புஸ் என்று வரும், நிற்கும், மறுபடியும் புஸ் என்று வரும்.

"அது இன்னா சத்தம் முனுசாமி?"

"அது... அது ஏழுமலதான்க்கா."

மறுநாள் ஆஸ்பத்திரியில் விடுப்புக் கேட்டேன். "சொந்தத் தம்பி" என்று சொன்னேன், நம் ஊர்ப் பழக்கத்தில். மேலாளர் குழம்பி, சொந்தம் இல்லாத தம்பியும் இருக்கிறாரா என்று கேட்டார். சித்தப்பா பிள்ளை, பெரியம்மா பிள்ளை எல்லோரும் எங்களுக்குத் தம்பிகள்தான், அதில் இவன் கூடப்பிறந்தவன் என்று விளக்க ஆரம்பித்து, பாதியில் அழுகை வந்து நின்றுவிட்டேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது ஏழுமலை தானாக மூச்சுவிட்டுக்கொண்டிருந்தான். கடித்த காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் உள்ளங்கை தோல் உரிந்து சிவந்திருந்தது.

"அண்ணி, ஒண்ணரை நாளு. கண்ணை மூடினாலும் கை அமுக்கிகினே கீது. சோத்தைப் பெசஞ்சாலும் அந்த மாதிரியே அமுக்குது" என்றாள். அப்புறம் கட்டிலைத் திரும்பிப் பார்த்து, "இத்தினி வருசத்துல நான் சொன்னபடி மூச்சுவுட்ட ஒரே நாளு அதான்" என்றாள். அவன் சிரிக்கப் போய் இருமினான்.

பாம்பு கடிப்பது வயலில். மருந்து இருப்பது வயலை விட்டு எவ்வளவோ தூரத்தில். இந்த ஒரு வருஷத்தில் நான் யோசித்ததெல்லாம் இதுதான். எந்த ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு என்று நிதியைப் பிரிக்கிறவர்கள் படுக்கையை எண்ணுகிறார்கள், வந்துபோகிறவர்களை எண்ணுகிறார்கள். வர முடியாமல் வழியிலேயே போனவர்களை எந்தப் பதிவேட்டில் எண்ணுவார்கள்? சேதத்துக்கு உதவி செய்கிறோம் என்று ஓர் இலாகா ஜீப்பை அனுப்புகிறது. உயிருக்கு மருந்து வேண்டும் என்று இன்னோர் இலாகாவுக்கு ஒரு நர்ஸ் மூன்று தடவை எழுதுகிறார். இரண்டும் ஒரே மனிதனுக்குத்தான் என்பது அந்த மனிதன் வரப்பில் நிற்கும்போது மட்டும்தான் தெரிகிறது.

4

இவ்வளவும் நித்யாவுக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான், பாம்பு கடித்தது, பிழைத்தது என்ற அளவில். தெரியாதது இனிமேல்தான்.

"கூட்டுப் பட்டான்னா என்ன?" என்று கேட்டாள்.

அப்பா இறந்த பிறகு பட்டா எங்கள் இரண்டு பேர் பெயரிலும் மாறியது. என் பங்கைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதித் தருவதாகச் சொல்லியிருந்தேன். யாரும் கேட்கவில்லை, நானாகச் சொன்னேன். 2003இல் ஊருக்குப் போனபோது நாள்கூடக் குறித்தாயிற்று. பதிவு அலுவலகத்துக்குக் காலை பத்தரைக்கு வந்துவிடு என்று அவனிடம் சொன்னதும் நான்தான்.

அன்று காலை படூரில் என் கணவரின் சிநேகிதர் வீட்டிலிருந்து கிளம்பினோம். நாங்கள் கல்பாக்கத்தில் இருந்த காலத்தில் அந்தப் பக்கம் பஸ்ஸுக்கு நின்றால் ஆடுதான் துணை. இப்போது வரிசையாக அடுக்குமாடிகள், கல்லூரிகள், கம்பெனிகள். சிநேகிதர் ஒவ்வொரு மனையாகக் காட்டி விலை சொல்லிக்கொண்டே வந்தார். கேளம்பாக்கத்தில் அவர் இறங்கிக்கொண்டதும் என் கணவர் சொன்னார், "இந்த விலை உங்க ஊருக்கு வர்றதுக்கு எவ்வளவு நாள் ஆகும்னு நினைக்கிற? அவசரப்பட்டுப் போட்டுடாதே. நித்யாவுக்குன்னு அங்க ஒரு பிடி மண்ணாவது இருக்கட்டும்."

அவர் மேல் பழி போடவில்லை. அவர் சொல்வதற்கு முன்பே நான் அதை நினைத்துவிட்டேன். பின்சீட்டில் நித்யா காதில் பாட்டு மாட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பதின்மூன்று வயது. இங்கே நமக்கு வேர் இல்லை, இவள் நாளைக்கு எப்படி இருப்பாளோ, எதைப் பிடித்துக்கொள்வாளோ என்று எனக்கு எப்போதும் ஒரு பயம். பயத்துக்கு நிலம் பதிலாக முடியும் என்று அன்று தோன்றியது.

கோவளத்தில் கடலோரம் காரை நிறுத்தி, ஏழுமலை கொடுத்திருந்த டெலிபோன் பூத் எண்ணுக்குப் போன் செய்து அவனைக் கூப்பிடச் சொன்னேன். பதிவு அலுவலக வாசலில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, இரண்டு சாட்சிகளை அழைத்துக்கொண்டு, எட்டு மணியிலிருந்து நிற்கிறான். "நித்யாவுக்குக் காய்ச்சல்டா. அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்றேன்.

"ஐயோ, பாப்பாவுக்கா? நீ பாப்பாவைப் பாருக்கா. இதுக்கு இன்னா அவசரம், ஒண்ணியும் இல்ல."

கார் கோவளத்தைத் தாண்டி, திருவிடந்தையைத் தாண்டிக் கடற்கரைச் சாலையில் போயிற்று. மாமல்லபுரத்தில் நித்யா மணலில் உட்கார்ந்து இரண்டு குச்சி ஐஸ் சாப்பிட்டாள். அந்தப் போட்டோ எங்கள் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறது.

காரில் இதை நித்யாவிடம் சொல்லி முடித்தேன். நிலம், பட்டா, பத்திரம் எதைப் பற்றியும் அவள் கேட்கவில்லை.

"எனக்கு ஜுரம்னா சொன்ன?" என்றாள். "மாமா ஒவ்வொரு தடவை போன் பண்ணும்போதும், பாப்பா ஒடம்பு நல்லா கீதான்னு கேப்பார். எதுக்கு இதையே கேக்கறார்னு நான் போனை உன்கிட்ட குடுத்துட்டுப் போயிடுவேன்."

கதவைத் திறந்து இறங்கினாள். வீட்டுக்கு நடந்தே போகப்போகிறாள் என்று நினைத்தேன். என் பக்கம் வந்து கதவைத் திறந்து நின்றாள். இரண்டு பேரும் ஹெலனின் மேசைக்குத் திரும்பப் போனோம்.

"கண்ணாடி கிடைத்துவிட்டதா?" என்றாள் ஹெலன்.

கையெழுத்துப் போட்டேன். முகவரிக்கான கட்டத்தில் இந்த ஊர் முகவரியை எழுதும்போது, உதவி அதிகாரி வந்து வயலைப் பார்க்கும் நாளில் நீயும் போய் நிற்க வேண்டுமா என்று ஹெலனிடம் கேட்டேன். ஆமாம், என்றாள். போன முறை அவள் கணவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு புழுதியில் இரண்டு மணி நேரம் நின்றானாம், அதிகாரி போகும்வரை யாரிடமும் சொல்லாமல். எனக்கு ஞாபகம் வந்தது. அன்று சாயங்காலம் அவன் பெயரை எழுதிக்கொண்டதும் நான்தான்.

5

போன வருஷம் நான் ஊரில் இருந்த பத்து நாளில் பத்திரம் முடியவில்லை. கட்டிலில் இருந்தவனைப் பதிவு அலுவலகத்துக்கு எப்படிக் கூட்டிப்போவது? இங்கே வந்து, என் சார்பில் கையெழுத்துப் போடச் செல்வியின் அண்ணன் பெயருக்குப் பவர் எழுதி, தூதரகத்தில் முத்திரை வாங்கி அனுப்பினேன். அது திரும்பி வந்தது. பட்டாவில் நான் 'கோவிந்தசாமி மகள் வசந்தா'. பாஸ்போர்ட்டில் என் பெயருக்குப் பின்னால் கணவர் பெயர். இரண்டு பேரும் ஒருவர்தான் என்று கிராம நிர்வாக அலுவலர் சான்று கொடுக்க வேண்டும். அதற்கு நான் நேரில் வர வேண்டும். நேரில் வர முடியாததால்தானே பவர் என்று கேட்டால், அதுவும் சரிதான் என்கிறார்கள். ஆனால் சான்று இல்லாமல் முடியாது.

முனுசாமி எட்டு மாதம் அலைந்தான். என் பள்ளிச் சான்றிதழ், கல்யாணப் பத்திரிகை, ரேஷன் கார்டிலிருந்து பெயர் நீக்கிய தாள் எல்லாம் தேடி எடுத்துக்கொடுத்து, போன வாரம்தான் சான்று வந்து சேர்ந்தது. 'இவர்கள் இருவரும் ஒருவரே' என்று நீல மையில் எழுதியிருக்கிறது. எனக்கு அவ்வளவு நிச்சயமாகத் தெரியவில்லை. வருகிற வியாழக்கிழமை, இங்கிருந்து ஐந்து மணி நேரத் தொலைவில் இருக்கும் நகரத்துக்குத் தூதரக அதிகாரி வருகிறார், புதுப் பவரில் அவர் முன்னால் கையெழுத்துப் போடலாம். போக வேண்டும்.

அதற்குள் அங்கே மறுபடியும் கார்த்திகை. மறுபடியும் மழை. போன வருஷம் அளவுக்கு இல்லையாம், ஆனால் எங்கள் வயல் தாழ்வு. திங்கட்கிழமை ஆய்வு என்று செல்வி ஞாயிற்றுக்கிழமை சொன்னாள்.

"அவனைப் போக விடாதே செல்வி."

"நான் சொன்னா கேக்குற ஆளா அண்ணி? முனுசாமி அண்ணன், நான் உனக்குப் பதிலா நின்னு காட்டிக்கிறேன், நீ வூட்ல கெடன்னு சொல்லிச்சி. அதுக்கு இவுரு, உன் காலு இன்னா இரும்பா, உன்னை மட்டும் கடிக்காதான்னு கேக்குறாரு. நீங்க அனுப்பின பூட்ஸ் கீது, அதைப் போட்டுகினு போறாராம்."

அந்த ரப்பர் பூட்ஸ் வேறு ஒரு கதை. இங்கே விவசாயிகள் எல்லோரும் முழங்கால்வரை போட்டிருப்பதைப் பார்த்து, மார்ச் மாதம் ஒரு ஜோடி பார்சலில் அனுப்பினேன். இங்கே போடுகிறார்களே தவிர இங்கே நிலம் கட்டாந்தரை. நம் ஊர்ச் சேற்றில் அதைப் போட்டுக்கொண்டு நாலு அடி வைத்தால் கால் மட்டும் வெளியே வரும், பூட்ஸ் உள்ளேயே நின்றுவிடும். அந்த மண்ணில் பிறந்தவள் நான். பத்து வருஷத்தில் அது எனக்கு மறந்திருக்கிறது. ஏழுமலை என்னிடம் சொல்லவில்லை. "சூப்பரா கீதுக்கா" என்றான். செல்விதான், "வேலைக்கு ஆவாது அண்ணி, நிக்கிறதுக்கு ஆவும்" என்று உண்மையைச் சொன்னாள்.

6

நேற்று திங்கட்கிழமை. அங்கே காலை பத்து மணி என்றால் எனக்கு மூன்றரை. மூன்று மணிக்கே வேலையிலிருந்து கிளம்பி வந்துவிட்டேன். நித்யா பள்ளிக்கூடம் விட்டு வந்து, பையைக்கூடக் கழற்றாமல் சமையலறை மேசையில் என் எதிரே உட்கார்ந்தாள். போன வருஷத்திலிருந்து ஏழுமலையிடம் செல்போன் இருக்கிறது. பூட்ஸை விட அது நல்ல யோசனை.

நாலு மணிக்குக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. நாலேகாலுக்கு எடுக்கவில்லை. செல்வியின் அண்ணன் எண்ணுக்குப் போட்டால் யாரோ ஒரு பெண் ஆங்கிலத்தில், பிறகு தமிழில், தொடர்பு எல்லைக்கு வெளியே என்றாள். எனக்குப் புஸ் புஸ் என்று அந்தச் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது. என் மூச்சுத்தான் அது. பதறக் கூடாது என்று அந்த டாக்டரம்மா சொன்னதை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஐந்து மணிக்கு எடுத்தான்.

"ஜீப் வந்துட்டுப் போயிடுச்சிக்கா. மொத்தமும் எழுதிகினாங்க. இப்பதான் போறாங்க."

"நீ எங்க இருக்க?"

"வூட்ல."

தவளைச் சத்தம் கேட்டது. ஒன்றிரண்டு அல்ல, ஒரு வயல் முழுக்க.

"ஏழுமலை, வியாழக்கிழமை கையெழுத்துப் போட்டுடறேன். இந்தத் தடவை நிச்சயம். அடுத்த வருஷம் உன் பேர் மட்டும்தான் இருக்கும். நீ யாருக்காகவும் நிக்க வேண்டாம்."

அவன் சேற்றில் காலை மாற்றி வைக்கும் சத்தம்.

"எதுக்குக்கா இப்ப?" என்றான். "பாப்பாவுக்குன்னுதான வெச்சிருந்த? இருக்கட்டுமே. அன்னிக்கு ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசல்லயே எனக்குத் தெரியும். காய்ச்சல் கொழந்தைக்குப் பின்னாடி அலைச் சத்தமா கேக்கும்?"

மூன்று வருஷம். ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. ஒவ்வொரு போனிலும் பாப்பா உடம்பு எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். அது குத்திக்காட்டுவதா, இல்லை நான் சொன்ன பொய்யை எனக்காகக் காப்பாற்றிக்கொண்டிருந்தானா என்று இந்த நிமிடம்வரை எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் தைரியம் இல்லை. "உன் காலைப் பாருடா" என்று மட்டும் சொல்ல முடிந்தது.

"பாத்துட்டேன்க்கா. ரெண்டும் கீது."

நித்யா என் கையிலிருந்து போனை வாங்கி, ஒலிபெருக்கியை அமுக்கி, மேசை நடுவில் வைத்தாள்.

"மாமா, நித்யா பேசறேன்."

"பாப்பா! ஒடம்பு நல்லா கீதா?"

"நல்லா இருக்கு மாமா. எனக்கு அன்னிக்கும் ஜுரம் இல்ல." அவள் போனை நெருங்கிக் குனிந்தாள். "நீங்க வயல்ல இருக்கே. எனக்கு தவளை கேக்குது. நீங்க வீட்டுக்குப் போ. இப்பவே போ."

மரியாதையும் ஒருமையும் கலந்த அந்தத் தமிழை வேறு யாராவது பேசியிருந்தால் நான் திருத்தியிருப்பேன்.

"சரி பாப்பா. போறேன்."

"போனைக் கட் பண்ணாதீங்க. நடங்க. நான் கேக்கணும்."

நடந்தான். ரப்பர் பூட்ஸ் சேற்றிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும் சத்தம், பிறகு பொதக் என்று விழும் சத்தம். ஒரு கால் சரியாகவும் மறு கால் இழுத்தும். நித்யா விரலை மேசையில் தட்டிக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு அடிக்கும் ஒரு தட்டு. ஒரு அடி வரத் தாமதமானால் அவள் விரல் காற்றில் நின்றது. நான் மூச்சை நிறுத்தினேன். மறுபடி பொதக். இன்னும் இரண்டு நிமிடங்கள்தான் இருக்கின்றன என்று, ஊருக்குப் பேச வாங்கும் தொலைபேசி அட்டைக்காரர்களின் குரல் குறுக்கே வந்தது. அவன் வேகமாக நடக்கக் கூடாதே என்றும் இருந்தது, சீக்கிரம் போய்ச் சேர வேண்டுமே என்றும் இருந்தது.

சேற்றுச் சத்தம் மாறியது. தார் ரோடு. அப்புறம் ஒரு நாய். அப்புறம் செல்வியின் குரல், தூரத்திலிருந்து, அடித்தொண்டையில்:

"இன்னாயா, அத்தினி சேத்தோட வூட்டுக்குள்ள வர? அங்கயே நில்லு. கழட்டு அதை. காலைக் காட்டு மொதல்ல."

இணைப்பு அறுந்தது. நித்யா விரலை மேசையிலேயே வைத்திருந்தாள்.

"வியாழக்கிழமை நானும் வரேன்" என்றாள், தமிழில்.